சிறுத்தைக்கு ஹால்டிக்கெட் வேண்டாம்

2024 பிப்ரவரி 20 அன்று ஜம்முவில் மேடை போட்டிருந்தார்கள். அங்கிருந்தபடியே பிரதமர் ஏர்பேட்டிலுள்ள திருப்பதி ஐ.ஐ.டி. வளாகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஏர்பேட்டு மண்ணை மிதிக்காமலே ஏர்பேட்டைத் திறந்துவைக்கலாம். நாடு அவ்வளவு முன்னேறிவிட்டது. பத்து நாள் கழித்து, மார்ச் 1 அன்று, பாமர்ருவில் இன்னொரு மேடை. அன்றைய ஆந்திர முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி பொத்தானை அமுக்கினார். வித்யா தீவெனா திட்டத்தில் 9.44 லட்சம் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம், 708 கோடி ரூபாய்! கைதட்டல் உடனே வந்தது. பணம்தான் உடனே முழுதாக வரவில்லை. பொத்தானுக்கும் வங்கிக்கும் நடுவில் தேர்தல் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஐ.ஐ.டி. பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமில்லை. மாநிலத்தைப் பிரித்த 2014 சட்டத்தில் எழுதிக் கொடுத்த வாக்கு அது. பத்து வருஷம் இழுத்தாவது கட்டினார்கள். ஆனால் ஏர்பேட்டில் கடலை பயிரிடுகிறவர் வீட்டுப் பிள்ளை, அந்த மதில் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, திருப்பதி பஸ் ஏறுகிறான். அவனுக்கு வாய்த்தது 1954-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும்தான்.

அந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குச் சேஷாசலம் காட்டிலிருந்து சிறுத்தை வரும். கதையல்ல, பலமுறை செய்தியானது. வளாகத்தில் யாரையும் கேட்காமல் நுழைந்து, கட்டண பாக்கி இல்லாமல் வெளியேறும் ஒரே ஜீவன் அதுதான். அதற்கு வருகைப் பதிவு கிடையாது, ஹால்டிக்கெட்டை நிறுத்திவைக்கவும் முடியாது. மாணவனுக்கு மட்டும் அறிவுரை: இருட்டினால் வெளியே வராதே.

பகலில் வந்தால் பாடம் நடத்த ஆள் வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் 3,220 ஆசிரியர் பணியிடங்களை நிரப்பப்போவதாக 2023-இல் அறிவித்தார்கள். அறிவிப்பு வழக்கில் மாட்டிக்கொண்டது. இடங்கள் நிரம்பும்வரை வண்டியை இழுப்பவர்கள் ‘அகடமிக் கன்சல்டன்ட்’கள். பேராசிரியர் வேலை, ஒப்பந்தச் சம்பளம், அடுத்த வருஷம் இருப்போமா என்ற கவலை. நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்தால், மாணவன் வகுப்பறையில் தனியாக உட்கார வேண்டியதுதான்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்தக் கட்டண விவகாரம். மாணவனின் கட்டணத்தை அரசே கட்டுவது 2008-இல் அன்றைய முதல்வர் ராஜசேகர ரெட்டி தொடங்கிய திட்டம்; ஏழை வீட்டில் முதல் பட்டதாரி வந்தது அதனால்தான், அதை மறுக்க மாட்டேன். பிறகு என்ன ஆயிற்று? அரசு கடன் சொல்லும். கல்லூரி நிர்வாகம் அரசின் சட்டையைப் பிடிக்காது, பயம். பையனின் சர்டிபிகேட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கடன் வாங்கியவர் ஒருவர், கொடுத்தவர் இன்னொருவர், அடகில் கிடப்பது மூன்றாம் ஆளின் மூன்று வருஷம். நம்மூர் வட்டிக்கடைச் சேட்டுக்குக்கூடத் தோன்றாத யோசனை.

தனியார் கல்லூரியில் எம்.ஏ., எம்.எஸ்சி. படிக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு 2020 டிசம்பரில் ஜி.ஓ. 77 வந்தது: முதுகலைக்கு அங்கே கட்டணச் சலுகை கிடையாது. ஏழைக்குப் பட்டம் ஒன்று போதுமென்று கணக்குப் போட்டார்கள். 2024 ஜூனில் ஆட்சி மாறியது. மாணவன் பாக்கியைக் கேட்டான். அது போன அரசு வைத்தது என்றார்கள். போன அரசைக் கேட்டால், இப்போது கஜானா அவர்களிடம் என்கிறார்கள். இரண்டுமே உண்மை. கல்லூரிப் பேரேட்டில் மட்டும் கட்சிகளின் பெயர் எதுவும் இல்லை, பையன் பெயர்தான் இருக்கிறது.

அவன் அரசு வேலைக்குத் தேர்வெழுதித் தேறுகிறான் என்றே வைத்துக்கொள்வோம். சரிபார்ப்புக்கு அழைப்பு வருகிறது. ஜெராக்ஸை நீட்டுகிறான். அசல் எங்கே என்று கேட்கிறார் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், அதே அரசின் அதிகாரி.