கென்சல் என்னும் சொல்லின் உற்பத்தி விசாரம்

சொறிக்கல்முனை வயல்வெளியிலிருந்து கல்முனைக் கடைத்தெருவரைக்கும் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள், பஸ், கூட்டம், உதைபந்தாட்டம், நிச்சயித்த கலியாணம் ஆகிய யாவற்றையும் பேதமின்றி நிறுத்திவைக்கும் வல்லமை 'கென்சல்' ஒன்றற்கே உண்டு. "காக்கா, கூட்டம் கென்சல்" என்று ஒருவர் சொல்லிவிட்டாற் காரணம் கேட்பாரில்லை. கதிரை அடுக்குவோர் அக்கணமே வேலையைத் தொடங்கிவிடுவர். இத்துணை அதிகாரம் படைத்த சொல்லின் குலங்கோத்திரத்தை அறியாதிருத்தல் தகாதென்பதே இவ்விசாரத்துக்குக் காரணம்.

முதற்கண் பூர்வபட்சம். 'கான்சல்' என்ற உச்சரிப்பைப் பற்றிக்கொண்டு, கான் என்பது வடிகான், சல் என்பது 'செல்' என்பதன் திரிபு, ஆகவே காரியம் கானுக்குள் சென்றுவிட்டதென்பதே பொருள் என வாதிக்க ஒருவர் முன்வருவாராயின், பொருட்பொருத்தத்தில் அவரை வெல்வது கடினம். ஆயினும் சரித்திரப் பிரமாணம் அவருக்கு அநுகூலமாக இல்லை.

சித்தாந்தம் வருமாறு: இலத்தீனில் 'கன்செல்லி' என்பது குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய அளித்தட்டி. எழுதியதைத் தள்ளவேண்டியபோது அதன்மேல் அத்தட்டிபோலக் கோடுகள் இழுத்தமையால் அச்செயலுக்கும் அப்பெயரே வாய்த்தது. நீதிமன்றத்துத் தட்டியருகே நின்ற சேவகன் நூற்றாண்டுதோறும் பதவி உயர்ந்து 'சான்சலர்' ஆனான். தேவாலயத்திலே பீடத்தை அடுத்துத் தட்டியால் மறைத்த பகுதி 'சான்சல்' ஆயிற்று. ஆகவே ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்து வேந்தர் பதவியும், தேவாலயத்துப் பீடப் பகுதியும், இன்று வராமற்போன பஸ்ஸும் ஒரே வமிசத்தில் உதித்த சகோதரங்கள் எனக் கொள்க.

இனி 'ரத்து' என்பதையும் நோக்குவோம். அது அரபியினின்று பாரசீக, உருது வழியாகத் தமிழ்க் கந்தோர்களிற் குடிபுகுந்தது. திருப்புதல், மறுத்தல் என்பன அதன் பொருள். ஸலாத்துக்குப் பதிலுரைப்பதையும் அரபியில் அச்சொல்லாலேயே குறிப்பர். எனவே ரத்தான பொருள் வந்தவழியே திரும்பிவிடுகிறது. கென்சலான பொருளோ எங்கும் போவதில்லை, கோட்டுக் கம்பிகளுக்குப் பின்னால் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டேயிருக்கிறது. அழித்தல் வேறு, அடித்தல் வேறு.

இந்நுட்பத்தை நன்குணர்ந்தவர் மூன்றாம் நூற்றாண்டு உரோம நியாயவாதியாகிய மொடெஸ்தினுஸ். கடன்பத்திரத்திற் குறுக்குக்கோடு விழுந்திருப்பின் கடனாளி விடுபட்டானென ஊகிக்கலாம். எனினும் இன்னும் இவ்வளவு பாக்கியுண்டெனத் தெளிந்த சாட்சியத்தாற் கடன்கொடுத்தவன் நிரூபித்தால், அத்தொகைக்கு வழக்குச் செல்லும் என்பது அவர் முடிபு. 533ஆம் ஆண்டு யுஸ்தினியன் சக்கரவர்த்தி வெளியிட்ட சட்டத் தொகுப்பில் அது இடம்பெற்றது. அந்த உரோமச் சட்டத்தை ஒல்லாந்தர் தம் வழக்கங்களோடு கலந்து கப்பலேற்றி இலங்கைக்குக் கொணர்ந்தனர். இன்றும் நம் நாட்டுப் பொதுச்சட்டத்துக்கு உரோம டச்சுச் சட்டமே அடிப்படை. கல்முனைப் பலசரக்குக் கடைக் கடன்கொப்பியிலே முதலாளி இழுக்கும் நீலக்கோடு, இவ்வாறாக, ஒரு சக்கரவர்த்தியின் சாயலைத் தாங்கி நிற்கிறது.

மையும் அற்பமன்று. 1840இல் இங்கிலாந்து வெளியிட்ட கறுப்புப் பென்னி முத்திரையைச் சிவப்பு மையாற் கென்சல் செய்தபோது, அம்மையைத் துடைத்து முத்திரையை மீண்டும் ஒட்ட இயன்றது. மறுவருடமே முத்திரையைச் சிவப்பாக்கி, கென்சல் மையைக் கறுப்பாக்கவேண்டி வந்தது. பேரரசே ஒரு துடைப்புக்கு அஞ்சி நிறம் மாறிற்று.

ஆகலின் இவ்வாராய்ச்சியின் பயன் கடன் தீர்ப்பார்க்கே உரியது. கொப்பியில் இழுத்த ஒற்றைக் கோட்டைக் கண்டு திருப்தியுற்று வீடு திரும்பற்க; குறுக்கும் நெடுக்குமாகத் தட்டி பின்னச் சொல்லுக; மை அழியாததாவென விரலால் தேய்த்துப் பார்த்துக்கொள்க; அதன்பின்னும் மொடெஸ்தினுஸை மனத்திற்கொண்டு பற்றுச்சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்குக.