ஆண் வாரிசு இல்லாத வம்சம்

கேள்வி: டார்வினுலிடே என்று ஒரு குடும்பமாமே, யார் வீட்டுக் குடும்பம்?

பதில்: இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம். ஏரி, ஊற்று, ஈரப்பாசி எங்கும் வாழும் ஆஸ்ட்ரகோட் என்ற ஓட்டுயிரிகளில் ஒரு பிரிவு. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. கிளிஞ்சல் போன்ற இரண்டு ஓடுகளுக்குள் உடம்பு முழுவதும் அடங்கிவிடும். 1889-இல் பிராடியும் நார்மனும் இதைத் தனிக் குடும்பமாக்கினார்கள்.

கேள்வி: டார்வின் பெயர் கேட்டவுடனே கிடைத்துவிட்டதா?

பதில்: எங்கே! குடும்பத்துக்குப் பெயர் தந்த பேரினத்துக்குப் பிராடியும் ராபர்ட்சனும் 1870-இல் முதலில் வைத்த பெயர் பாலிகெலிஸ். அதை 1862-லேயே வேறொரு கடல்வாழ் ஓட்டுயிரிக்கு வைத்துவிட்டார்கள். 1872-இல் டார்வினெல்லா என்று மாற்றினார்கள். அந்தப் பெயரில் 1865 முதல் ஒரு கடற்பஞ்சு இருந்தது. விலங்கியலில் முந்தியவருக்கே பட்டா. ஒருவழியாக 1885-இல் டார்வினுலா நிலைத்தது. டார்வின் இறந்து அப்போது மூன்று வருடம். பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசு என்ற ஓட்டுயிரிகளை வகைப்படுத்த எட்டு வருடம் செலவிட்டவர் அவர். அந்த உழைப்புக்கு இந்த மரியாதை தகும்.

கேள்வி: குடும்பத்தில் பெண்கள் மட்டும்தானாமே. மாப்பிள்ளை பார்க்காமல் வம்சம் எப்படி?

பதில்: கருவுறாத முட்டையிலிருந்தே மகள் பிறக்கிறாள். குஞ்சு பொரியும்வரை தாய் தன் ஓட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கிறாள். வம்சத்துக்கு இது போதும், வகைப்படுத்துகிறவருக்குத்தான் திண்டாட்டம். தமக்குள் கூடி, வளமான சந்ததி பெறுபவை ஒரே இனம் என்பது பாடப்புத்தக இலக்கணம். கூடலே இல்லாத இடத்தில் அந்த இலக்கணத்தை எங்கே பொருத்துவது? மற்ற நன்னீர் ஆஸ்ட்ரகோடுகளில் ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தே பல இனங்களைப் பிரித்துவிடுவார்கள். இங்கே அந்த வழியும் அடைப்பு. மிஞ்சியது ஓடும் கால்களும்தான்: ஓட்டை இழுத்து மூடும் தசை உள்ளே வட்டமாகப் பதிக்கும் தழும்பு, ஓட்டின் உட்பல், அடிவிளிம்பு மேடு, கால் முட்களின் அமைப்பு. இவற்றை வைத்தே 1998-இல் ரொசெட்டியும் மார்ட்டென்ஸும் இன்று வாழ்பவற்றை ஐந்து பேரினங்களாகப் பிரித்தார்கள். அதில் வெஸ்டலெனுலா என்ற பெயர் ரோமாபுரியின் கன்னிப் பூசாரிணிகளை நினைவூட்டும். பென்தெசிலெனுலா, அமேசான் வீராங்கனைகளின் அரசியை. நுண்ணோக்கியில் தழும்பை எண்ணிக்கொண்டே இப்படிப் பெயர் யோசித்தவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: ஓர் ஆண்கூடவா அகப்படவில்லை?

பதில்: ஏறக்குறைய 20 கோடி ஆண்டுப் புதைபடிவங்களில் இல்லை என்றே நம்பினார்கள். 2006-இல் ஜப்பானின் யாகுஷிமா தீவிலிருந்து மூன்று ஆண்கள் கிடைத்த செய்தி வெளியானது. அதுவும் எந்தப் பேரினத்தில்? கன்னிகளின் பெயர் தாங்கிய வெஸ்டலெனுலாவில்!

கேள்வி: அப்படியானால் வகைப்பாடு கவிழ்ந்துவிட்டதா?

பதில்: இல்லை. அந்த இனம் ஓட்டின் அடையாளங்களை வைத்தே வெஸ்டலெனுலாவில் சேர்ந்தது. ஆண் வந்தும் இடம் மாறவில்லை. அந்த மூவரும் உண்மையில் கூடுகிறார்களா என்பது வேறு வழக்கு. மூன்றே மூன்று உடல்களை வைத்து அதற்குத் தீர்ப்பு எழுதுவது அவசரம் என்பேன்.