ஒரே ஒரு கையெழுத்துதானே, தங்கச்சி!

அண்ணனும் தம்பியும் அரையடி வரப்புக்காக மண்வெட்டியால் மண்டையை உடைத்துக்கொள்ளலாம். நடு வீட்டில் சுவர் எழுப்பி, ஆளுக்கொரு வாசல் வைத்து, முப்பது வருஷம் முகத்தில் விழிக்காமல் இருக்கலாம். ஊர் அதைப் பங்காளிச் சண்டை என்று சொல்லி, "எந்த வீட்டுல இல்ல?" என்று தாண்டிப் போய்விடும். ஆனால் அந்த வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த பெண், காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, அப்பா சொத்துல எனக்கு என்னண்ணே வழி?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அன்றோடு குடும்பம் உடைந்தது. உடைத்தவள் அவள். அப்பாவின் சாவுக்குக்கூட வராத பெரியப்பாக்களும் மாமாக்களும் வேன் பிடித்து வந்து இறங்குவார்கள், சமாதானம் பேச.

சமாதானம் என்றால் என்ன? அவள் விட்டுக்கொடுப்பது. அதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு நம் வீடுகளில் வேலை கிடையாது.

"உனக்கு உறவு வேணுமா, சொத்து வேணுமா?" இதுதான் பஞ்சாயத்தின் முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் இதுதான். கேட்கிற மாமா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்பார். எத்தனை உயர்ந்த தத்துவக் கேள்வி! பட்டினத்தார் வழி வந்தவர்போல இருக்கும். ஆனால் ஒரு நாளும் அந்த வாய் அண்ணன் பக்கம் திரும்பி இதே கேள்வியைக் கேட்டதில்லை. அண்ணனுக்கு மட்டும் இரண்டும் உண்டு: உறவும் உண்டு, புறவழிச்சாலை ஓரத்து இரண்டு ஏக்கரும் உண்டு. இதற்கு மேல் "தங்கச்சிக்காக எவ்வளவோ செஞ்சவன்" என்ற பட்டமும் இலவசம்.

ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எதிரில் பார்த்தது இது. ஐம்பது வயதுப் பெண்மணி, பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்பு, மடியில் டிபன் பாக்ஸ். பக்கத்தில் அண்ணன், வெள்ளை வேட்டி. அவர் கையில் ஜவுளிக்கடைப் பை, உள்ளே பட்டுச்சேலை. பத்திர எழுத்தர் பக்கம் பக்கமாகக் காட்டக் காட்ட, அந்த அம்மா படிக்காமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனார். எவருடைய தூண்டுதலும் இல்லாமல், சுயநினைவோடு, தன் பங்கை மனப்பூர்வமாக விட்டுக்கொடுப்பதாக அந்தத் தாள்களில் இருந்திருக்கும். எல்லா விடுதலைப் பத்திரத்திலும் இருப்பதுதான். உள்ளே போனால் கைரேகை இயந்திரம் சண்டித்தனம் செய்தது. பாத்திரம் தேய்த்தே தேய்ந்துபோன விரல்; ரேகை விழவில்லை. அண்ணன் உடனே தோள் துண்டை எடுத்து, தங்கையின் கட்டைவிரலைத் துடைத்தார், ஊதினார், மறுபடி துடைத்தார். அவ்வளவு பாசமாக ஓர் அண்ணன் தங்கையின் விரலைப் பிடித்து நான் சினிமாவில்கூடப் பார்த்ததில்லை. "சம்மதத்தோடதான் குடுக்கறீங்களாம்மா?" என்று அதிகாரி கேட்டார். "முழுச் சம்மதம் சார்" என்றார் அண்ணன். வெளியே வந்ததும் எல்லோருக்கும் டீ, மெதுவடை.

தங்கைக்குப் பட்டுச்சேலை கிடைத்தது. நியாயமாகப் பார்த்தால் அது வேட்டிக்காரருடைய செலவுக் கணக்கில் வரும். முத்திரைத்தாள் கட்டணத்துக்கு அடுத்த வரியில். அரசாங்கமும் பாசத்துக்குக் கட்டுப்பட்டதுதான். வெளியாளுக்கு நிலத்தை விற்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம். குடும்பத்துக்குள் விட்டுக்கொடுத்தால் 1 சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு. தியாகத்துக்குத் தள்ளுபடி.

1961இல் 'பாசமலர்' வந்தது. அண்ணன் தங்கையாகச் சிவாஜியும் சாவித்திரியும் அழுத அழுகையில் தமிழ்நாடே நனைந்தது. அன்று அழுதவர்களும், பிறகு தொலைக்காட்சியில் பார்த்து அழுதவர்களும், அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே பத்திர எழுத்தரிடம்தான் போனார்கள் போலிருக்கிறது. அதே 1961இல்தான் வரதட்சணைத் தடைச் சட்டமும் வந்தது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பங்கு கேட்டவளிடம் அண்ணன்மார் எடுத்து வீசும் முதல் அஸ்திரம், "அதான் நாப்பது பவுன் போட்டுக் கட்டிக்குடுத்தாச்சே" என்பது. யோசித்துப் பாருங்கள். சட்டம் குற்றம் என்று சொன்ன ஒன்றைச் செய்துவிட்டு, சட்டம் உரிமை என்று சொன்ன ஒன்றுக்கு அதையே ரசீதாக நீட்டுகிறார்கள். அந்த நாற்பது பவுனும் அவள் கழுத்தில் இருக்கிறதா என்று கேட்டால், பாதி அவள் புருஷனின் தொழிலுக்குப் போயிருக்கும், மீதி அடகுக்கடையில் இருக்கும். அடகு வைத்த பணம் கொழுந்தன் கல்யாணத்துக்கு ஆகியிருக்கும். ஆனாலும் கணக்கு அவள் பேரில்தான்.

சட்டம் நடந்து வந்த வழியைப் பார்த்தால் சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியாது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணைப்போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நாடு விடுதலை பெற்று, 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் போனதில் மகளுக்கும் பங்கு. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் உரிமை மகனுக்கு மட்டும். கூடவே 23ஆம் பிரிவு என்று ஒன்றை வைத்தார்கள். குடும்பம் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளலாம் என்று மனமிரங்கும்வரை பெண் வாரிசு பிரித்துக் கேட்க முடியாது. குடியிருக்கவாவது விடுவார்களா? விடுவார்கள். கல்யாணம் ஆகாதவளாக இருக்க வேண்டும். அல்லது புருஷன் கைவிட்டிருக்க வேண்டும். அல்லது அவனைப் பிரிந்திருக்க வேண்டும். அல்லது அவன் செத்திருக்க வேண்டும். புருஷனோடு ஒழுங்காக வாழ்ந்த குற்றத்துக்குப் பிறந்த வீட்டில் ஒரு பாய்கூடக் கிடையாது. இந்தப் பிரிவு 2005 வரை உயிரோடு இருந்தது.

செங்கல்பட்டுக்குப் பிறகு அறுபது வருஷம் கழித்து, 1989இல் தமிழ்நாடு மத்திய அரசை முந்திக்கொண்டு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை தந்தது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதிலும் ஒரு கொக்கி: 1989 மார்ச் 25க்கு முன்பு கல்யாணமானவளுக்கு இல்லை. மார்ச் 24ஆம் தேதி முகூர்த்தத்தில் தாலி ஏறியவள் அக்காவென்றால், அவளுக்குப் பட்டை நாமம். அந்தக் கொக்கியை 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் நீக்கியது. பிறகும், "அப்பா 2005க்கு முன்னாடியே போயிட்டாரே" என்று அண்ணன்மார் பதினைந்து வருஷம் கோர்ட்டில் ஓட்டினார்கள். 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் மூடியது: மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005 செப்டம்பர் 9இல் அப்பா உயிரோடு இருந்தாக வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் அண்ணன்மார் அசரவில்லை. சட்டம் மாறும்போதெல்லாம் நம் வீடுகளில் செத்துப்போன தாத்தாக்கள் எழுந்து வருவார்கள். "தாத்தா அந்தக் காலத்துலயே வாய்வழியா பாகம் பிரிச்சுட்டாருல்ல!" எப்போது, யார் முன்னால், எந்தத் திண்ணையில்? சாட்சி சொல்லும் ஆளும் செத்திருப்பார், வசதியாக. இந்த வாய்வழிப் பாகப்பிரிவினையைச் சாதாரணமாக ஏற்க முடியாது, அரசு ஆவணங்கள் அதை உறுதிசெய்யும் அபூர்வமான வழக்குகளில் மட்டுமே பார்க்கலாம் என்று அதே 2020 தீர்ப்பு கறாராகச் சொன்னது. இன்னும் துணிந்தவர்கள் வாரிசுச் சான்றிதழில் கை வைப்பார்கள். விசாரணைக்கு வந்த விஏஓவிடம், "அப்பாவுக்கு நாங்க ரெண்டு பேருதான் சார்" என்று சொல்கிற அண்ணனை, சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் போட்டோவிலிருந்து, ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நம்மை விடக் கறாராக விலை போட்டவர்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். 1916இல் அங்கே கிறிஸ்தவர்களுக்கென்று போட்ட வாரிசுச் சட்டம், உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்றது. கணவரைப் பிரிந்து குழந்தைகளோடு ஊட்டியில் அப்பாவின் வீட்டில் தங்கியிருந்த மேரி ராயை, அண்ணன் அந்த வீட்டை விட்டுப் போகச் சொன்னார். அவர் அழுதுவிட்டுப் போயிருந்தால் குடும்ப ஒற்றுமை காப்பாற்றப்பட்டிருக்கும். உச்ச நீதிமன்றம் போனார். 1986இல் அந்தச் சட்டம் ஏற்கெனவே காலாவதியாகிவிட்டது என்று தீர்ப்பு வந்தது. அவர் வாழ்ந்த கோட்டயத்துச் சமூகத்தில் பலர் அவரைக் குடும்பத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் என்றுதான் பேசினார்கள். அந்த 5,000 ரூபாய் மட்டும் இன்னும் சாகவில்லை. தமிழ்நாட்டுப் பத்திர ஆபீஸ் வாசலில் பட்டுச்சேலைக்கு மேல் கவரில் வைத்துக் கொடுக்கிறார்களே, பெரும்பாலும் அதே தொகைதான். விலைவாசி ஏறியது அவர்கள் காதுக்கு எட்டவில்லை.

அண்ணன் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் சட்டம் அல்ல, தாய்மாமன் என்ற பதவி. அவள் குழந்தைக்குக் காது குத்த மாமன் மடி வேண்டும். பெண் வயதுக்கு வந்தால் மாமன் சீர் வேண்டும், கல்யாண மேடையில் மாமன் மாலை வேண்டும். பங்கு கேட்டவள் வீட்டு விசேஷத்துக்கு மாமன் வரமாட்டான். மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அவள் தலை குனிய வேண்டும், அதுதான் தண்டனை. இவ்வளவுக்கும் அவன் கொண்டுவரும் சீர்வரிசைத் தட்டு எத்தனை? பதினொன்று, இருபத்தொன்று. ஒரு தட்டில் ஆப்பிள், ஒரு தட்டில் லட்டு, ஒரு தட்டில் வளையல். மேளம் முன்னே வர, அவளுடைய சொந்தப் பணத்தில் வாங்கிய ஆப்பிளையே அவளிடம் கொடுத்து, அதற்கு அவளையே வரிசையில் நின்று கும்பிட்டு வரவேற்க வைக்கிற சாமர்த்தியம் எந்த வங்கிக்கும் வராது.

இந்த அண்ணன் சட்டம் தெரியாத அப்பாவி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மனைவியும் ஒரு வீட்டுப் பெண்தானே? மாமனார் காலமானதும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, 2005ஆம் வருஷத் திருத்தத்தை வக்கீலைவிடத் தெளிவாக ஒப்பிப்பார். "உனக்கும் சம உரிமைடி, உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. உன் தம்பிக்கு ஏன் விட்டுக்குடுக்கணும்?" அங்கே பெண்ணுரிமைப் போராளி, இங்கே குடும்ப ஒற்றுமைக் காவலர். இடையில் இருப்பது ஒரு மணி நேர பஸ் பயணம்.

"அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கிட்டது நான்தானே" என்பார்கள் சிலர். இந்த ஒரு வாதத்துக்கு நான் தலை வணங்குவேன். ஆனால் பார்த்துக்கொண்டது யார்? படுக்கையில் கிடந்த மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ளியது மருமகள். அப்படியானால் பராமரித்த பங்கை அவள் பேருக்கு எழுதுங்களேன் என்றால், அண்ணன் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். அப்பா தன் சுயசம்பாத்தியத்தை மகன்களுக்கு மட்டும் என்று உயில் எழுதியிருந்தால் அது வேறு கதை. சட்டம் அதற்கு இடம் தருகிறது. அப்பாவுக்கு மகள்மேல் அவ்வளவுதான் பிரியம் என்று எழுத்தில் தெரிந்துபோகும், அவ்வளவே. மகள் மனசைக் கல்லாக்கிக்கொள்ளலாம். ஆனால் அப்பா எழுதாததை அண்ணன் அப்பா பேரில் எழுதிக்கொள்வதற்குப் பெயர் பாசம் இல்லை.

இந்தப் புண்ணுக்குத்தான் வார இதழ்களிலும் யூடியூபிலும் மருந்து சொல்கிறார்கள். உறவுகளில் விரிசலா? ஆழமாக மூச்சு விடுங்கள், மன்னியுங்கள், எதிர்பார்ப்பைக் குறையுங்கள். அவளுக்கு இருப்பது மனப் பிரச்சினை இல்லை ஐயா, பட்டாப் பிரச்சினை. மூச்சை எவ்வளவு ஆழமாக விட்டாலும் சர்வே எண் மாறாது. அவள் கேட்டது கருணை அல்ல, ஆலோசனையும் அல்ல. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கப்பட்டவளுக்கு, காலை வணக்கம் ரோஜாப்பூப் படம் வராதது ஒரு நஷ்டமே இல்லை. நஷ்டம் எவ்வளவு என்று வழிகாட்டி மதிப்பைப் பார்த்தால் ரூபாயிலேயே தெரியும்.

ஆகவே அடுத்த தடவை உங்களைச் சமாதானம் பேசக் கூப்பிட்டால், போங்கள். வெற்றிலையைத் துப்பிவிட்டு, அண்ணனைப் பார்த்துக் கேளுங்கள்: "உனக்கு உறவு வேணுமா, சொத்து வேணுமா?" சாப்பாடு போடாமல் அனுப்பிவிடுவார்கள், பரவாயில்லை. கையெழுத்துக்குக் கூப்பிட்டிருக்கிற தங்கச்சிகளுக்கு ஒன்று: பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், நிதானமாகப் படியுங்கள், அண்ணன் ஏற்பாடு செய்யாத ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அன்றைக்கே, அந்த நல்ல நேரத்துக்குள்ளேயே போட்டாக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.