பெயர் மாற்றப் படலம்

மராத்தான் சாக்லேட்டுக்கு 1990-இல் ஸ்னிக்கர்ஸ் என்று பெயர் வைத்ததை இன்னும் மன்னிக்காத ஆண்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். உள்ளே அதே கடலை, அதே கேரமல்தானே என்றால், "ருசியே போச்சு" என்பார்கள். இவர்களில் பாதிப் பேர் அரசியலுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் பாட்காஸ்ட் நடத்துகிறார்கள். நம்மாள் இரண்டாம் வகை.

அவரை லெஸ்டரிலும் பார்க்கலாம், ஸ்டாக்போர்ட்டிலும் பார்க்கலாம். மகன் கல்லூரிக்குப் போனதும் காலியான சின்ன அறைதான் ஒலிப்பதிவுக்கூடம். எதிரொலி வராமலிருக்கத் தலைக்குமேல் மெத்தைப் போர்வை. அதற்குள் இவரும், பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே வரும் சிநேகிதரும் வியர்த்து வழிந்தபடி பேசுவார்கள். நிகழ்ச்சி ஒரு மணி நேரம் என்றாலும் வசனம் மூன்றுதான். "உனக்கு ஞாபகம் இருக்காடா?" "ஐயோ, மறக்க முடியுமா!" "இப்ப எங்கடா அதெல்லாம்?"

ஆனால் விஷய ஞானத்தில் குறை சொல்ல முடியாது. நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் பி.பி.சி. காட்டிய டெஸ்ட் கார்டில், 1967 முதல் ஒரு சிறுமி பொம்மைக் கோமாளியோடு கரும்பலகையில் கட்டம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாளே, அந்தக் கரும்பலகையிலுள்ள பெருக்கல் குறிதான் திரையின் நட்டநடு என்பது அவருக்குத் தெரியும். கல்யாண விருந்துகளில் பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கும் தெரிந்துவிடும். வேகன் வீல்ஸ் பிஸ்கட்டைச் சிறிதாக்கிவிட்டார்கள் என்பது அவருடைய நிரந்தர வழக்கு. அந்தக் காலத்தில் அவருடைய கை சிறியது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்பதில்லை.

இப்படிப் பல வருடம் சுகமாக ஓடிய வண்டிக்குச் சிக்கல் அதன் பெயராலேயே வந்தது. பெயரில் 'எழுபதுகள்' என்ற சொல் இருந்தது. 2006 வாக்கில் தொடங்கியபோது எழுபதுகள் என்றால் முப்பது வருடப் பழசு; ஏங்குவதற்குச் சரியான பதம். 2025-இல் முப்பது வருடம் பின்னால் போனால் 1995 ஆகஸ்ட் வந்து நின்றது. பிளர், ஒயாசிஸ் என்ற இரண்டு இசைக் குழுக்களும் ஒரே நாளில் பாட்டை வெளியிட்டு, எது அதிகம் விற்கும் என்று தொலைக்காட்சிச் செய்தியே கவலைப்பட்ட ஆகஸ்ட். (பிளர்தான் ஜெயித்தது. அன்றிலிருந்து ஒயாசிஸ் ரசிகர்கள் மீதிக் கணக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.)

"தமகோச்சி பொம்மை பற்றிப் பேசுங்க சார், எங்க சின்ன வயசு ஞாபகம்" என்று நேயர்கள் எழுத ஆரம்பித்தார்கள். நம்மாள் ஆடிப்போனார். "அது நேத்து வந்ததுடா! நான் வீட்டுக் கடன் கட்டிக்கிட்டிருந்தேன்!" அவர் கோபம் நியாயமானதே. கரண்ட் பில்லை வேறு யாரோ கட்டிய காலத்தை நினைத்துத்தான் மனிதனுக்கு ஏக்கம் பிறக்கும்.

பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்றார் சிநேகிதர். கேட்பவர்களிடமே ஓட்டுக்கு விடலாமே என்ற யோசனை எழுந்த வேகத்தில் விழுந்தது. 2016-இல் ஆராய்ச்சிக் கப்பலுக்கு மக்களைப் பெயர் வைக்கச் சொல்லி, அவர்கள் 'போட்டி மெக்போட்ஃபேஸ்' என்பதை முதலிடத்தில் கொண்டுவந்து நிறுத்த, அரசாங்கம் அவசரமாக டேவிட் அட்டன்பரோவின் பெயரைச் சூட்டித் தப்பித்த கதையை இவர்களே ஒரு நிகழ்ச்சி முழுக்கப் பேசியிருந்தார்கள்.

கடைசியில் விளம்பரத் துறையில் வேலை பார்க்கும் மருமகள் வந்தாள். பழுப்பும் ஆரஞ்சுமாக இருந்த பழைய சுவர்க்காகிதச் சின்னத்தை ஒரே விநாடியில் தூக்கிவிட்டு, வெளிர் நிறத்தில், எந்தப் பல் மருத்துவருக்கும் பொருந்தும் ஒன்றைக் காட்டினாள்.

"மாமா, இது எல்லாத் தலைமுறைக்கும் போய்ச் சேரும்."

"கன்சிக்னியா," என்று முனகினார் நம்மாள்.

மருமகளுக்குப் புரியவில்லை. 2001-இல் பிரிட்டிஷ் தபால் நிறுவனம் நன்றாயிருந்த பெயரைக் கழற்றிவிட்டு அந்தப் பெயரை மாட்டிக்கொண்டு, ஊர் சிரித்ததும் அடுத்த வருடமே ராயல் மெயில் என்ற பெயருக்கு ஓடியது. நம்மாள் அதை வைத்து நான்கு நிகழ்ச்சி ஓட்டியிருக்கிறார். இப்போது அதே நாற்காலியில் தானே உட்கார்ந்து, "எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடும்மா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. "ஆரம்ப கால நிகழ்ச்சியெல்லாம் சகிக்கலை மாமா. ஒலி மோசம், நடுவில கெட்டில் கொதிக்குது, அனுமதி வாங்காத பாட்டு வேற. அழிச்சிடலாம்" என்றாள். அழித்தார்கள்.

இதன் கனம் புரியவேண்டுமானால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அறுபதுகளின் டாக்டர் ஹூ தொடரைப் பதிந்த நாடாக்களை, நாடா விலை அதிகம் என்று பி.பி.சி. அழித்து மறுபடி பயன்படுத்தியது. ஏறக்குறைய நூறு பகுதிகளின் படம் காணாமல்போனது. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் மைக்கை நீட்டிப் பையன்கள் பதிந்துவைத்த ஒலியாவது மிஞ்சியது. நைஜீரியாவின் ஜோஸ் நகரத்தில் கண்டெடுத்த ஒன்பது பகுதிகளைப் பற்றி 2013-இல் அறிவிப்பு வந்த அன்று நம்மாள் அலுவலகத்துக்கு லீவு போட்டார்.

புதுப் பெயரில் முதல் நிகழ்ச்சி வெளியானது. பழைய ரசிகர்கள், இவரிடமே பாடம் படித்தவர்களாயிற்றே, "ருசியே போச்சு" என்று எழுதினார்கள். முதல் வருட நிகழ்ச்சிகள் எங்கே என்று ஒருவர் கேட்டார். பத்துப் பேர் கேட்டார்கள். நம்மாள் வெட்கத்தை விட்டு, யாரிடமாவது இருந்தால் அனுப்பி உதவும்படி நிகழ்ச்சியிலேயே மன்றாடினார்.

ஆறு வாரம் கழித்து ஒரு நேயரின் பழைய ஐபாடிலிருந்து ஒன்றே ஒன்று கிடைத்தது. போர்வைக்குள் இருவரும் தலையை நுழைத்துக்கொண்டு கேட்டார்கள். கெட்டில் கொதிக்கிறது. அதற்கும் மேலே நம்மாளின் இளங்குரல், "சொந்த நிகழ்ச்சியைத் தானே அழிக்கிறவனை என்ன செய்யலாம்?" என்று பி.பி.சி.யைப் பிடித்து ஐம்பத்திரண்டு நிமிடம் விளாசுகிறது.