ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் தம்பி

மூர் மார்க்கெட்டிலிருந்து கிளம்பும் கும்மிடிப்பூண்டி லோக்கலில் அவனைச் சுலபமாக அடையாளம் கண்டுபிடிக்கலாம். முதுகில் லேப்டாப் பை, சட்டைப்பையில் பென் டிரைவ், மடியில் ஒரு கட்டு கேள்வித்தாள். மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே நாலைந்து தாளை அவனே டிக் அடித்து முடித்திருப்பான். ஆய்வுத் தலைப்பு எதில் ஆரம்பித்தாலும் 'வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் டு கும்மிடிப்பூண்டி' என்றுதான் முடியும். ஆளுக்கு ஆள் முகம் மாறினாலும் நான் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் தம்பி.

நான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் குவாலிட்டி செக்‌ஷன். எக்செல்லில் நாலு கிராஃப் போடத் தெரியும். இதை வெளியே சொல்லியிருக்கக் கூடாது. தம்பியின் கைடுக்குப் புள்ளியியல் என்றாலே தும்மல் வரும். கைடின் நண்பர், "டச் விட்டுப்போச்சுப்பா" என்பார். ஜெராக்ஸ் கடைக்காரர் 'நாலாவது சாப்டர்' மொத்தத்தையும் பேக்கேஜாக முடித்துக் கொடுப்பார், ஆனால் அட்வான்ஸ் கேட்பார். கடைசியில் நம்ம கேட். சரியாக நான் தயிர்சாத டப்பாவைத் திறக்கும்போது செக்யூரிட்டி போன் அடிப்பார்: "சார், பிஎச்டிக்கு ஒருத்தர் வந்திருக்காரு."

போன வருஷம் வந்த தம்பியைச் சொல்கிறேன்.

"டேட்டா ரெடி சார். நீங்க ரன் பண்ணிக் குடுத்தா போதும்."

"எதை ரன் பண்ணணும்?"

"அதை நீங்கதான் சார் சொல்லணும்."

"சரி, உன் கேள்வி என்ன?"

"32 கேள்வி இருக்கு சார்."

1938-இல் கல்கத்தாவில் நடந்த புள்ளியியல் மாநாட்டில் ரொனால்ட் ஃபிஷர் என்ற மேதை இதைத்தான் சொல்லி அலுத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தபிறகு புள்ளியியல்காரனைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுகிற மாதிரி என்றார். அவருக்காவது சாப்பிட்டபிறகு கொண்டுவந்திருப்பார்கள்.

ஃபைலைத் திறந்தேன். எங்கள் ஆலையில் மொத்தமே 240 பேர். தம்பியின் சாம்பிள் 384.

"மீதி 144 பேர் யாருப்பா?"

"டீக்கடையில குடுத்தேன் சார். 384 வேணும்னு டேபிள்ல இருக்கு."

இருக்கிறதுதான். அமெரிக்காவில் கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் 1970-இல் போட்ட அட்டவணை. பத்து லட்சம் பேர் இருக்கிற இடத்துக்கு 384. 240 பேருக்கு 148 போதும் என்று அதே பக்கத்தில் மேலேயே போட்டிருக்கிறது. நம்மூர் ஆய்வேடுகள் அந்தப் பக்கத்தின் கடைசி வரியை மட்டுமே படித்து வளர்ந்தவை.

டீக்கடையில் தாளை வாங்கியவர்கள் வயது சொல்லவில்லை. பதில் இல்லாத இடத்தில் 99 என்று போடும்படி யாரோ சொல்லியிருக்கிறார்கள். போட்டுவிட்டான். அதையும் சேர்த்து சராசரி எடுத்தால் எங்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களின் வயது 57. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உலைப் பக்கம் நிற்கிற பையன்கள், மீசை இப்போதுதான் அரும்புகிறது.

"அனுபவம் மிக்க தொழிலாளர்கள்னு எழுதிட்டேன் சார்," என்றான் பெருமையாக.

அந்தப் பையன்களுக்குக் கொடுத்த கேள்வித்தாள் ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில். அவர்களுக்கு இரண்டும் தெரியாது. 32 கேள்விக்கும் 'நடுநிலை'.

அடுத்ததுதான் முக்கியமான கட்டம். அதுவரை 'சார்' ஆக இருந்த நான் 'அண்ணா' ஆனேன்.

"அண்ணா, பி வேல்யூ 0.05-க்குக் கீழ இருக்கணும்னு கைடு சொல்லிட்டாரு. 0.31 வருது. கொஞ்சம் இறக்கிக் குடுங்கண்ணா."

வந்த முடிவு தற்செயலா இல்லையா என்று பார்க்க உதவும் எண் அது. சர்க்கரை, கொலஸ்ட்ரால் வரிசையில் அதையும் சேர்த்துவிட்டான். எங்கள் ஆலையில் ஒவ்வொரு ஹீட்டுக்கும், அதாவது ஒரு தடவை உருக்குகிற இரும்புக்கு, ஒரு நம்பர் உண்டு. சாம்பிள் சோதனைக்கு ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் போகும், வந்த அளவு ரிஜிஸ்தரில் ஏறும். கார்பன் கூடுதலாக இருந்தால் உலையில்தான் குறைக்கணும், ரிஜிஸ்தரில் இல்லை என்றேன். குறித்துக்கொண்டான். ஆய்வேட்டின் முன்னுரைக்காம்.

இத்தனைக்கும் உலகமே எட்டிப் பார்த்த டேட்டா இந்த மாவட்டத்தில் எடுத்ததுதான். 1968-இல், திருவள்ளூர் செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்த காலத்தில், பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை இங்கே தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி. எது மருந்து, எது டம்மி என்று போட்டவருக்கே தெரியாது. ஊர் ஊராக, வீடு வீடாக 15 வருஷம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று வந்தது. யாரும் ஆசைப்பட்ட முடிவு இல்லை. வந்ததை வந்தபடியே அச்சில் போட்டார்கள். இறக்கிக் குடுங்கண்ணா என்று யாரிடமும் போய் நிற்கவில்லை.

அப்படிக் கணக்குப் போடச் சொல்லிக்கொடுக்கும் இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் ஆவடியில் இருந்த தொழுநோய் ஆய்வுக் கிளையையும் 1999-இல் ஒன்றாக்கி உருவானது தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். அம்பத்தூர் பக்கம் அயப்பாக்கத்தில் இருக்கிறது. சாம்பிள் எடுப்பதிலிருந்து கேள்வித்தாள் தயாரிப்பதுவரை ஆன்லைனில் பாடம் நடத்துகிறார்கள். எம்.டி. படிக்கிற டாக்டர்களே அதைப் படித்துத் தேர்வு எழுதியாகணும். "மருத்துவப் பாடம்தான், ஆனா சாம்பிள் கணக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான், பாரு" என்றேன்.

"அயப்பாக்கமா? ரெண்டு பஸ் மாறணுமேண்ணா."

"ஆன்லைன்ப்பா."

"ஆறு மாசத்துல சப்மிஷன்ணா. படிக்க எங்க நேரம்?"

டீக்கடைத் தாள்களை நீக்கி, 99-களைக் காலி செய்து, 240 பேரோடு மறுபடி ஓட்டிக் காட்டினேன். 0.31 போய் 0.44 வந்தது. தம்பி என்னைப் பார்த்த பார்வையில், ஜெராக்ஸ் கடைக்காரர் எவ்வளவோ மேல் என்பது தெரிந்தது. தயிர்சாதமும் புளித்துப்போயிருந்தது.

போன வாரம் போன். "அண்ணா, நான் டாக்டர் ஆயிட்டேன்!" குரலில் நிஜமான நன்றி. எந்த பி வேல்யூவோடு ஆனான் என்று நான் கேட்கவில்லை. இப்போது ஒரு காலேஜில் அவனே கைடாம்.

"என் ஸ்டூடண்ட் ஒருத்தன் நாளைக்கு வர்றான்ணா. நல்ல பையன். டேட்டா ரெடி."

"எத்தனை சாம்பிள்?"

"384."

"தலைப்பு?"

"நம்மளுதேதான்ணா. கும்மிடிப்பூண்டியை எடுத்துட்டு தேர்வாய் கண்டிகைன்னு போட்டிருக்கோம். மதியம் ஒரு மணிக்கு நீங்க ஃப்ரீதானே?"