சும்மா வந்த பெருமாள்

டிசம்பர் 20 தாண்டிவிட்டால் திருவல்லிக்கேணி பெரிய தெருவில் காலண்டர் மாமா குடையும் கையுமாக நடமாடத் தொடங்குவார். மழை கிடையாது, சுடுகிற வெயிலும் கிடையாது. குடை காலண்டருக்கு. நகைக்கடையில் கிடைத்ததைச் சுருட்டி, மடக்கிய குடைத்துணிக்குள் செருகிவிட்டால், அடுத்துப் படியேறும் மருந்துக்கடையில் அவர் வெறுங்கையோடு வந்த பாவப்பட்ட மனிதராகத் தெரிவார்.

வாய்விட்டுக் கேட்கமாட்டார். கேட்டு வாங்குகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வயிற்று மாத்திரை ஒரு அட்டை வாங்குவார், சில்லறையை இரண்டு தரம் எண்ணுவார், பிறகு கடைச் சுவரைப் பார்த்து, “வருஷம் முடிஞ்சுடுத்து போலிருக்கே” என்பார். சுவர் என்ன பதில் சொல்லும்? கடைக்காரர்தான் குனிந்து கல்லாவுக்கு அடியிலிருந்து ஒன்றை உருவ வேண்டும். நகைக்கடையில் இது செல்லாது. அங்கே காட்டுவதற்கென்றே 1998-இல் மாமியின் தோட்டுக்குத் திருகாணி மாற்றிய ரசீது ஒன்று வைத்திருக்கிறார். எழுத்தெல்லாம் போய் இப்போது மடிப்பு மட்டும்தான் மிச்சம்.

காலண்டரிலும் அவருக்குச் சாதி உண்டு. வங்கி கொடுப்பதில் கட்டம் பெரிது, பால் கணக்கு எழுதலாம். எல்.ஐ.சி. காலண்டர் கௌரவம், பாலிசி முதிர்ந்து பணம் வாங்கிப் பல வருஷம் ஆன பிறகும் ஏஜெண்டோடு சிநேகம் தொடர்வது அதற்காகத்தான். ஸ்வீட் ஸ்டால் தருவது உள்ளங்கை அகலம். அது எதிர் மேன்ஷன் பையன்களுக்குத் தானம்.

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு, அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான மாதிரி ஆல்பங்களை வெளியிடுவார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து மாமாவின் சீசன் ஆடியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. “ஆல்பம் வந்துடுத்தா? லட்சுமி வேண்டாம் ஓய், போன தடவையும் லட்சுமிதான். ராமர் பட்டாபிஷேகம் போடும். சட்டம் போட்டு மாட்டிக்கறேன்.”

ஒரு வருஷம் ஒரு கடையில் பார்த்தசாரதியையே போட்டார்கள். இந்த ஊர்ப் பெருமாளுக்கு மூலவராக நிற்கையில் மீசை உண்டு. உற்சவர் முகத்தில் பீஷ்மர் விட்ட அம்புகளின் தழும்பு உண்டு. படம் போட்டவர் இரண்டையும் விட்டுவிட்டு, இப்போதுதான் பவுடர் பூசிக்கொண்ட மாதிரி வழவழவென்று வரைந்திருந்தார். மாமா அந்தக் காலண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் வாழ்நாளில் திருப்பிக் கொடுத்தது அது ஒன்றுதான். மறுநாள் போய் வாங்கியும் வந்துவிட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருந்ததாம்.

ஒன்றரை அறைப் போர்ஷனில் 14 காலண்டர் தொங்குகின்றன. ஒன்றில் பிப்ரவரி, இன்னொன்றில் ஆகஸ்ட். கிழிக்க மனம் வராது. மாமி தேதி பார்ப்பது செல்போனில், திதி பார்ப்பது பாம்புப் பஞ்சாங்கத்தில். பூஜை அலமாரியில் இருப்பதெல்லாம் சட்டம் போட்ட காலண்டர் படங்கள். அவற்றில் மூத்தது அவர் அப்பா காலத்து ஜவுளிக்கடை கொடுத்தது. மூலையில் கொண்டையராஜுவின் கையெழுத்து. நாடகத் திரைச்சீலை வரைந்துகொண்டிருந்து, கோவில்பட்டியில் குடியேறி, 1976-இல் மறையும்வரை தமிழர் வீட்டுச் சுவர்களுக்குச் சாமி கொடுத்த மனிதர். எனக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு கண். மாமாவுக்கோ வேறொரு பெருமை: “நம்மாத்துப் பெருமாள் ஒத்தர்கூட காசு கொடுத்து வந்தவர் இல்லே.”

இப்படிப்பட்டவரிடம்தான் போன டிசம்பரில், அடையாறிலிருந்து வந்த தங்கை பெண் 2026-க்கு ஒரு மேஜைக் காலண்டரை நீட்டினாள். படம் வரைகிற இரண்டு மூன்று சிநேகிதிகள் சேர்ந்து தாங்களே அச்சடித்து விற்பது. துணியைத் தொடுகிற மாதிரி தடித்த தாள். மாமா முதலில் அடியில் தடவிப் பார்த்தார்.

“எந்தக் கடைம்மா போட்டது? விலாசமே காணுமே?”

“கடை போடலை மாமா. நான் வாங்கினேன். 700 ரூபாய்.”

“காசு கொடுத்தா?”

மாமி தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்சம் தெளிந்ததும் குறைகள் வரிசையாக வந்தன. ராகு காலம் இல்லை. ஏகாதசி இல்லை. ஆணியில் மாட்ட ஓட்டை இல்லை. “700 ரூபாயா! நம்மாத்துப் பரண்ல 2015 இருக்கு. அதுவும் வியாழக்கிழமை பொறந்த வருஷம், இதுவும் வியாழக்கிழமை. பண்டிகைதான் இடம் மாறும். அதை மாட்டினா தீர்ந்துது.”

ஆனாலும் கை பக்கங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தது. கோயில் குளப் படிக்கட்டு. பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக் குவியல். மேன்ஷன் மொட்டைமாடியில் காயும் லுங்கிகள். அந்தப் பக்கத்தில் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “கீழே ஒரு ஜன்னல் தெரியறதே, அது நம்மாத்து ஜன்னல் மாதிரின்னா இருக்கு?” அவள் சிரித்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி மாமா ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை என்று பன்னிரண்டு மாதத்துக்கும் எறும்பெழுத்தில் ராகு காலம் ஏறியது. முடித்ததும் பாலிதீன் உறையில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார். சுவரில் 2015 ஏறியது.

“வருஷம் இனிமேத்தானே பொறக்கப்போறது, பூட்டி வெச்சா எப்படி?” என்றாள் மாமி.

“2026 போனா அதே கிழமைல 2037 வரும். அப்போ எடுத்துக்கலாம்.”

“2037-லயா? சதாபிஷேகமே தாண்டியிருக்கும் உங்களுக்கு!”

“அதனாலென்ன,” என்றார் மாமா, “ராகு காலம் கிழமைக் கணக்குதானே. ஒரு எழுத்து அழிக்க வேண்டாம்.”