அம்மணியைப் பார்க்கப் போகிறோம்

எங்கள் தெருவில் ஒரு முதலாளி இருக்கிறார். பெயர் வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எங்கே போனாலும் தெருவுக்கு இப்படி ஒருவர் உண்டு. இதைப் படித்துவிட்டு ‘என்னைத்தான் எழுதியிருக்கிறான்’ என்று யாராவது கோபித்துக்கொண்டால், அவருக்கு மனசாட்சி கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொள்வேன். இரண்டு தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் ஆலை, ஒரு ஷூ கம்பெனி. வெளிநாட்டு பையர் வந்தால் காட்டுவதற்கு வாசலில் பத்துச் செடி.

போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆடு மாடு தவிர மற்ற உயிர்களைப் பற்றிச் சந்தேகம் வந்தால் ஊரில் என்னைத்தான் கேட்பார்கள். ஆடு மாட்டைப் பற்றி அவர்களுக்கே தெரியும், ஸ்கொயர் ஃபீட் கணக்கில்.

“வாத்தியாரே, பசங்க லீவுக்கு வராங்க. திமிங்கலச் சுறான்னு ஒண்ணு கீதாமே, அதுகூட நீந்தணுமாம். எங்க போனா பாக்கலாம், எந்த மாசம் போவணும், எல்லாம் எழுதிக் குடுங்க. செலவப் பத்திக் கவலப்படாதீங்க.”

பாலாற்றங்கரையில் அறுபது வருஷமாக இருக்கிறேன். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று ஒரு முதலாளி சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். சுத்திகரிப்பு என்ற சொல் வாயில் வந்தாலே செலவுக் கணக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊர் இது.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். திமிங்கலச் சுறா திமிங்கலம் அல்ல, சுறா. மீன் இனத்திலேயே பெரியது. பன்னிரண்டு மீட்டர் வளர்வது சகஜம், ஒரு பஸ் நீளம். 1828ல் தென்னாப்பிரிக்கக் கடலில் பிடிபட்ட ஒன்றைப் பார்த்து ஆண்ட்ரூ ஸ்மித் என்ற மருத்துவர் அதை உலகத்துக்கு அறிவித்தார். நம் கடற்கரைக்காரர்கள் அவருக்காகக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. அம்மணி உழுவை என்று அவர்களிடம் தனிப் பெயரே இருக்கிறது. முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளிகள், புள்ளி வைத்துக் கோடு போட மறந்துபோன கோலம் மாதிரி. ஒன்றின் புள்ளி இன்னொன்றுக்கு வராது. அதை வைத்து ஒவ்வொரு மீனையும் தனித்தனியாக அடையாளம் காண, நட்சத்திரப் படங்களை ஒப்பிடுவதற்கு வானியலாளர்கள் எழுதிய கணக்குமுறையைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். நடுக்கடலில் போகும் மீன் எது என்று சொல்ல வானம்வரை போய் வந்துவிட்டார்கள். ராத்திரி ஒரு மணிக்குப் பாலாற்றில் திறந்துவிட்ட குழாய் யாருடையது என்று சொல்லத்தான் இன்னும் கணக்குமுறை பிறக்கவில்லை.

வாயில் மூவாயிரம் பல்லாம். ஒவ்வொன்றும் தீக்குச்சித் தலைக்கும் சிறியது. கடிக்காது, மெல்லாது, சும்மா வரிசையாக இருக்கும். இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம், இந்தப் பிராணியை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று. பார்த்திருக்கிறேன்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று பெயர். அதற்கும் சட்டப் புத்தகத்தில் பற்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. 2020ல் ஜப்பான் ஆய்வாளர்கள் இந்தச் சுறாவின் கண்மேலேயே பல் போன்ற நுண்செதில்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வாரியம் அந்த அளவுக்குப் பரிணாமம் அடையவில்லை. அதன் கண்ணில் வளர்ந்திருப்பது வேறு.

சாப்பாட்டு முறைதான் என்னை எழுந்து உட்காரவைத்தது. வாயைத் திறந்துகொண்டு நீந்தும். உள்ளே போகும் தண்ணீரைச் செவுள் சல்லடையில் வடிகட்டி, நுண்ணுயிர்களையும் பொடி மீனையும் நிறுத்திக்கொண்டு, தண்ணீரை வெளியே விட்டுவிடும். நடுத்தர அளவு மீன் ஒன்று மணிக்கு மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் வடிகட்டும் என்று அளந்திருக்கிறார்கள். கரண்ட் கனெக்ஷன் இல்லை, மானியம் இல்லை, அதிகாரி வரும் நாளில் மட்டும் மோட்டார் போடும் பழக்கமும் இல்லை. முதலாளிக்கு ஒரு யோசனை எழுதிவைத்தேன்: இவ்வளவு தூரம் போய்ப் பார்ப்பதற்குப் பதில் இரண்டு மீனை வாங்கிவந்து நம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் விட்டால் என்ன? பிறகு நானே அடித்துவிட்டேன். தோல் பதனிடும் குரோமியத்தை எந்தச் செவுளும் தாங்காது. அது மனிதர்களுக்கு மட்டும் பழகிய சரக்கு.

மறுநாள் இவ்வளவையும் படித்துக் காட்டினேன். முதலாளி பொறுமையாகக் கேட்டார். தோல் சில இடங்களில் 10 சென்டிமீட்டர் கனம் என்றதும் நிமிர்ந்தார்.

“பத்து மில்லியா?”

“பத்து சென்டி.”

சிறிது நேரம் அவர் பேசவில்லை. அடுக்கடுக்காகப் பிளந்தால் ஸ்ப்ளிட் எத்தனை எடுக்கலாம் என்று மனசுக்குள் மெஷின் ஓடியது. “சும்மா கேட்டேன்” என்றார்.

எங்கே போகலாம் என்ற கேள்விக்கு வந்தோம். மாலத்தீவு பக்கம், 1995லேயே அந்த மீனைப் பிடிப்பதைத் தடை செய்த தேசம். பிலிப்பைன்ஸில் ஓஸ்லோப் என்று ஓர் ஊர், கையில் இறாலைக் காட்டிக் காட்டி மீனைக் கரைப்பக்கமே நிறுத்திவைக்கிறார்கள். போகும் பயணிக்குச் சௌகரியம், ஊர் ஊராய்ப் போக வேண்டிய மீனுக்குக் கேடு. (தேர்தல் சமயத்தில் இதே வித்தையை நம் ஊரில் மனிதர்கள்மேல் செய்வார்கள், இறால் இல்லாமல்.) ஒழுங்காகப் பார்க்க வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை, நிங்கலூ. மார்ச்சிலிருந்து ஜூலை வரை போகலாம். ஆனால் அங்கே சட்டதிட்டம் கடுமை. ஒரு மீனருகே ஒரு சமயத்தில் பத்துப் பேருக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது. தொடக் கூடாது. தலையிலிருந்தும் உடம்பிலிருந்தும் 3 மீட்டர் தள்ளி, வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளித்தான் நீந்த வேண்டும்.

“அதெல்லாம் கரெக்டா இருப்போம் வாத்தியாரே. ரூல்ஸுன்னா ரூல்ஸு. பசங்ககிட்ட சொல்லிட்றேன், மூணு மீட்டர்னா மூணு மீட்டர்.”

எனக்கு அப்போது இன்னொரு தூரம் ஞாபகம் வந்தது. 1989ல் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது, எண் 213. ஆற்றங்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் புதிய ஆலை எதுவும் வரக் கூடாது என்று. அந்த ஒரு கிலோமீட்டரைத் தேடிக்கொண்டு நான் எத்தனையோ சாயங்காலம் பாலாற்றங்கரையில் நடந்திருக்கிறேன். மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்ததால் சரியாக அளக்க முடியவில்லை. அந்நிய தேசத்துக் கடலில், முன்பின் தெரியாத மீனிடமிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்க நம்மால் முடிகிறது. பெற்று வளர்த்த ஆற்றிடமிருந்துதான் தள்ளி நிற்க முடியவில்லை.

உள்நாட்டிலேயே பார்க்கலாமே என்றும் ஒரு வழி சொன்னேன். குஜராத், வேராவல் கடற்கரை. ஒரு காலத்தில் அங்கே இந்த மீனை நூற்றுக்கணக்கில் குத்தி இழுத்துக் கொன்றார்கள். ஈரல் எண்ணெய் மரப்படகுக்குப் பூச, இறைச்சி வெளிநாட்டுக்கு. மைக் பாண்டே என்பவர் அதைப் படம் எடுத்து 2000ல் காட்டினார். 2001 மே மாதம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில், இந்தியாவில் அந்தப் பாதுகாப்பைப் பெற்ற முதல் மீனாக இது ஏறியது. சட்டம் போட்டால் மட்டும் போதாது என்று, 2004ல் கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபுவைக் கரைக்குக் கூட்டி வந்தார்கள். அவர் மீனவர்களிடம் புள்ளிவிவரம் சொல்லவில்லை. இது தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள், வந்த மகளை வெட்டுவீர்களா என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றாடம் காய்ச்சி மீனவன், மீன் வலையில் சிக்கினால் தன் வலையைத் தானே அறுத்து விட ஆரம்பித்தான். விட்டதைப் படம் எடுத்துக் கொடுத்தால் அறுந்த வலைக்கு வனத்துறை நிவாரணம் தருகிறது. நூற்றுக்கணக்கான மீன்கள் இப்படிக் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன.

இந்தக் கதையை எங்கள் ஊரில் சொல்லிப் பார்க்கலாமென்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் பாலாற்றங்கரைத் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு நிஜ மகளே வந்தால், மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, குடிக்கிறதுக்குக் கேன் தண்ணிதானே என்பது. ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்குக் காவிரியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். சொந்தக் கிணற்றில் இறைத்த தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. நுரை வேண்டுமென்றால் ஆற்றுக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் ஆம்பூரை அடுத்த மாராப்பட்டுப் பக்கம் வெள்ளை வெளேரென்று பொங்கி நிற்கும். பாலாறு என்று பெயர் வைத்தவன் தீர்க்கதரிசி.

அறுந்த வலைக்கு நிவாரணம் என்றேன் அல்லவா, நம் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் உச்ச நீதிமன்றம் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது: கெடுத்தவன்தான் செலவு செய்ய வேண்டும். உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் வேலூர் பெயரைச் சொல்லி நடத்தும் தீர்ப்பு அது. பிரியாணிக்கு அடுத்து நாங்கள் ஏற்றுமதி செய்த நல்ல சரக்கு அது ஒன்றுதான். ஏற்றுமதித் தரம் என்பதால் உள்ளூரில் கிடைப்பதில்லை. பிறகு இழப்பை அளக்க ஓர் ஆணையம் உட்கார்ந்து, 2001 மார்ச்சில் கணக்கு முடித்தது. 547 தோல் ஷாப். கெட்டுப்போன நிலம் 15,164 ஹெக்டேர். பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். இழப்பீடு ₹26.82 கோடி. தலைக்கு வகுத்துப் பார்த்தேன், பத்தாயிரம் ரூபாயைத் தொடவில்லை. தென்னந்தோப்பும் நெல்வயலும் உப்பேறி வெளுத்துப் போனதற்கு, தலைமுறைக்கும் சேர்த்து. நிங்கலூவில் ஒரே ஒருநாள் படகில் ஏறி மீனைப் பார்த்து இறங்க ஓர் ஆளுக்கு இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். முதலாளி ஏழு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பணமாவது முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்றால், 2025 ஜனவரி 30ல் அதே உச்ச நீதிமன்றம், இன்னும் தராதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுங்கள் என்று மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. வழக்குப் போட்டு முப்பத்து நாலு வருஷம். கைநீட்டி வாங்க வேண்டியவர்களில் எத்தனை பேர் அதற்குள் அதே கெட்டுப்போன மண்ணுக்குள் போய்ப் படுத்துவிட்டார்கள் என்று எந்த ஆணையமும் எண்ணவில்லை. வேராவல் மீனவனிடம் ஒரு போட்டோ இருந்தால் போதும். வேலூர் விவசாயி தன் வாழ்நாளையே ஆதாரமாகக் காட்ட வேண்டும்.

அரசாங்கத்தையும் விட்டுவிடக் கூடாது, கோபித்துக்கொள்ளும். ராணிப்பேட்டையில் அரசே பங்கு வைத்து நடத்திய குரோமேட் கம்பெனி 1990களில் மூடப்பட்டது. போகும்போது லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை அங்கேயே மலையாகக் குவித்துவிட்டுப் போனது. மழை விழுந்தால் மஞ்சளாக வடியும். டூர் போக வசதியில்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அரசு ஏற்படுத்திக் கொடுத்த மலைவாசஸ்தலம்.

நீந்துவதைப் பற்றிப் பேச்சு வந்தபோது முதலாளியின் மருமகள் கேட்டார்: “சேஃப்டியா இருக்குமா சார்?” இருக்கும் அம்மா. லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்கள், முகக்கவசம், மூச்சுக்குழாய், தண்ணீருக்குள்ளே கூடவே ஒரு கைடு, படகில் ஒருவர் உங்கள் தலையை எண்ணிக்கொண்டே இருப்பார். அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சேறு புரண்டது. பத்துப் பேர். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த பையன்கள். அவர்களும் முழுகித்தான் போனார்கள், கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி, படுத்த பாயில். அவர்கள் தலையை யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. விடிந்த பிறகு உடல்களைத்தான் எண்ணினார்கள். வருஷத்துக்கு வருஷம் தொட்டி கழுவ இறங்கி ஏறாமல் போகிறவர்களுக்கும் மூச்சுக்குழாய் கிடையாது. முதல் அட்டவணையில் பெயர் இல்லாத உயிர்கள்.

கடைசியாக ஒரு வழி சொன்னேன். “டிக்கெட்டே வேணாம் முதலாளி. நம்ம ஆறு போய்க் கடல்ல சேர்ற இடம் கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூர் பக்கம். அதுவும் வங்காள விரிகுடாதான். அம்மணி அந்தக் கடல்லயும் வர்ற மீன்தான். ஆத்தோடயே நடந்தா போய்ச் சேர்ந்துடலாம்.”

முதலாளி முகம் சுளித்தார். “சேச்சே. அந்தத் தண்ணியில பசங்களை எப்படி எறக்குறது?”

நிங்கலூவே என்று முடிவாயிற்று. நான் எழுந்தபோது, முக்கியமான ஒன்றை மறந்துவிட்டதாகச் சொல்லி உட்காரவைத்தார். வெயிலுக்குப் பூசும் க்ரீமில் ஏதோ மருந்து இருக்கிறதாம், உடம்பிலிருந்து கரைந்து கடலில் கலந்தால் பவளப்பாறைக்கு ஆகாதாம், பேத்தி படித்துச் சொன்னாளாம். நிஜமான கவலை அவர் முகத்தில்.

“கடல் கெட்டுப் போவாத க்ரீமுன்னு தனியா விக்கிறாங்களாமே, எங்க கிடைக்கும்னு விசாரிச்சுச் சொல்லுங்க வாத்தியாரே. நம்மால ஒரு ஜீவனுக்குப் பாவம் வரக் கூடாது.”

விசாரிக்கிறேன் என்றேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நல்ல கனமழை. முதலாளி ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். மெதுவாகத்தான் பேசினார், ஆனாலும் கேட்டது.

“மழை வந்துச்சு பாரு. தொறந்துவுட்ரு.”